கூப்பிட்டுப் பிடிப்பது

களக்காட்டைச் சுற்றின புஞ்சைக்காடுகளில் விடியக்கருக்கலில் கவுதாரி கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரலை வைத்தே அதைப் பிடிக்கிற வேட்டை தமிழ்நாட்டில் ரொம்பப் பழசு. பழக்கின ஆண் கவுதாரியைக் கூண்டோடு புதரோரம் வைத்து, சுற்றிலும் கண்ணி ஊன்றிவிடுவார்கள். கூண்டுப் பறவை கழுத்தை நீட்டிக் கத்தும். அந்த இடத்து ஆண் பதில் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்கும். சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு ஓடிவரும்போது காலில் சுருக்கு விழும். இரைக்கு ஆசைப்பட்டு வந்த பறவை இல்லை அது. தன் இணையையும் இடத்தையும் காக்க வந்தது. எனக்கு மனசு ஆறாதது அங்கேதான்.

அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் எல்க் மானையும் இப்படித்தான் அதன் குரலில் ஊதி இழுக்கிறார்கள். நம் ஜவளகிரிக் காட்டில் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ஆண்புலி மாதிரிக் குரல் கொடுத்து ஒரு பெண்புலியை வரவழைத்துச் சுட்டார். அது ஆட்கொல்லி, அந்தக் கணக்கு வேறு.

இப்போது கூண்டும் வேண்டாம், செல்போனும் சின்ன ஸ்பீக்கரும் போதும் என்றாகிவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும், ஆசைகாட்டி இழுப்பதும், அதற்கான முயற்சியும்கூட வேட்டைதான். காட்டுக்கு வெளியே, சொந்தப் புஞ்சையிலும் அதே சட்டம்தான்.

படம் எடுக்கப் போனில் பறவைக் குரல் போடுகிற தம்பிகளே, முட்டையிடும் காலத்திலாவது அதை விட்டுவிடுங்கள். நீங்கள் போனை அணைத்த பிறகும் அந்த ஆண் பறவை, இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும்.