வண்டிக்கு மெழுகு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை?

பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து, முழங்காலுக்குப் போய், அகவிலைப்படியைத் தொட்டு, கடைசியில் காரில் வந்து நிற்கும். எங்களில் பலர் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கியவர்கள். இனி இன்னொன்று வாங்கப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால் ஜிப்மருக்குக் கொண்டு போக இருப்பது அந்த ஒரு வண்டிதான். பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. எஞ்சினுக்கு மெக்கானிக் இருக்கிறார். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் யாரும் இல்லை. தகரத்தைக் காப்பது பெயின்ட், பெயின்டைக் காப்பது மெழுகு. அதனால் இந்தக் கேள்வியை நான் அற்பமாக நினைப்பதில்லை.

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். அவர் காருக்கு வயது எட்டு. வீட்டில் நிறுத்த இடமில்லாமல், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வெயிலிலேயே நிற்கிற வண்டி. ஒரு கடையில் செராமிக் கோட்டிங் போட 28,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்களாம். "இல்லாவிட்டால் மாதா மாதம் வேக்ஸ் போட்டே ஆகணும்னு சொல்றான் சார். மெக்கானிக்கைக் கேட்டா ஆயுத பூஜைக்கு ஒரு தடவை போதும்ங்கறான். எதை நம்பறது?"

நான் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் மெழுகுக்கு 'சீர்' என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எங்களுக்குத் தலைப்பொங்கல் சீர்தான் ஞாபகத்துக்கு வரும், சிரிப்பை அடக்கிக்கொள்வோம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் பிரெஞ்சில் இல்லை. பாகூரில் என் பாட்டி வீட்டில் இருந்தது. மண் தரையைச் சாணம் கரைத்து மெழுகுவார். வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்க. ஆனால் வாசற்படி ஓரமும் அடுப்படியும் நாலு நாளிலேயே பெயர்ந்துவிடும். அங்கே மட்டும் நடுவில் ஒரு கை போடுவார். கிழமை ஒரு கணக்கு, தேய்மானம் இன்னொரு கணக்கு.

கார் மெழுகும் அப்படித்தான். நல்ல டப்பாக்களில் இருப்பது கார்னூபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனை, வெயிலில் தன் ஓலை காய்ந்து போகாமலிருக்க மேலே பூசிக்கொள்கிற பூச்சு அது. 80 டிகிரிக்கு மேலே போனால்தான் உருகும். கேட்பதற்குப் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் டப்பாவில் அது தனியாக இருப்பதில்லை. கெட்டியான சாமான், அப்படியே பூச வராது என்று எண்ணெயும் கரைப்பானும் கலந்திருக்கிறார்கள். பூசின பிறகு நிற்பது மிக மெல்லிய படலம். நம்மூர் சித்திரை வெயிலில் பானெட்டின் மேல் கை வைக்க முடியுமா? அந்தச் சூடும், சோப்பும், உப்புக் காற்றும், துடைக்கிற துணியும் சேர்ந்து அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஆறு வாரம், எட்டு வாரம் வந்தால் நல்லது. ஷெட்டில் நிற்பதற்கு மூன்று மாதம் தாராளமாக வரும். சீலன்ட் என்று விற்கிற செயற்கைப் பூச்சு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

போய்விட்டதா, இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் அலுவலக டிரைவர்.

எண்பதுகளில் என் மேஜையில்தான் வண்டிகளின் லாக் புத்தகமும் சாமான் கணக்கும் இருந்தன. இரண்டு வெள்ளை அம்பாசடர், ஒரு ஜீப். வருஷா வருஷம் வரும் தணிக்கைக்காரர்கள் ஒரு தடவை ஓர் ஆட்சேபணை எழுதினார்கள்: ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு நாலு டப்பா வேக்ஸ் பாலிஷ் எதற்கு? இரண்டு ஏன் போதாது? விளக்கம் எழுத வேண்டியவன் நான். டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தணிக்கைக்காரரிடம் போய், "சார், ஒரு நிமிஷம் கீழே வர்றீங்களா?" என்றார். அந்த மனிதரும் வந்தார். முந்தின வாரம் மெழுகு போட்ட வண்டியின் பானெட்டில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நாலு மாதமாகப் போடாத வண்டியில் ஊற்றினார். அங்கே தண்ணீர் ஈரத்துணி விரித்தது மாதிரி படுத்துவிட்டது. விரலால் தேய்த்துக் காட்டினார்; சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஒட்டியது. அந்தக் காலத்து அம்பாசடருக்கு மேலே கிளியர் கோட் கிடையாது, வெயிலில் வெந்துபோன பெயின்டே கையோடு வந்துவிடும்.

ஆட்சேபணையைக் கைவிட அவர் சம்மதித்தார். ஆனால் கோப்புக்குப் பதில் வேண்டுமே! அதை இங்கிலீஷில் எழுத வேண்டும், எனக்கோ இங்கிலீஷ் பிரெஞ்சுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. தண்ணீர் துளித் துளியாகத் திரண்டு நிற்பதற்குப் பிரெஞ்சில் 'பெர்லே' என்று முத்தை வைத்தே ஒரு வினைச்சொல் உண்டு. தமிழிலும் முத்து முத்தாக வேர்த்தது என்கிறோம். இங்கிலீஷில் அன்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நேரில் தண்ணீர் ஊற்றிப் பரிசோதிக்கப்பட்டது, தேவை நியாயமானது என்று காணப்பட்டது என்று எழுதி முடித்தேன். அதுவே கோப்பில் ஏறிவிட்டது.

நண்பரிடம் நான் சொன்ன கணக்கு அந்த நாலு டப்பாக் கணக்குதான். தை, சித்திரை, ஆடி, புரட்டாசி. நம் ஊருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தையில் மழை ஓய்ந்திருக்கும். சித்திரையில் அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு காப்பு. புரட்டாசியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கும், ஆயுத பூஜைக்கும் வண்டி பளிச்சென்று இருக்கும். பானெட்டுக்கும் மேல்கூரைக்கும் மட்டும், பாட்டியின் வாசற்படி மாதிரி, நடுவில் ஒரு தடவை. எப்போது என்பதைச் சொம்புத் தண்ணீர் சொல்லும். முத்து நின்றால் விட்டுவிடலாம், மாதா மாதம் போட்டே ஆகவேண்டும் என்பது டப்பா விற்கிறவர் கணக்கு. மேட் பெயின்ட் வண்டிக்கு மட்டும் இதெல்லாம் கூடாது, திட்டுத் திட்டாகிவிடும்.

போடும்போது நிழலில், பானெட் ஆறின பிறகு போட வேண்டும். ஒரே நாளில் முழு வண்டியும் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்குத் தோள்பட்டை வலி; ஒரு நாள் இடது பக்கம், மறுநாள் வலது பக்கம், கூரைக்குப் பேரன்.

இதைவிட முக்கியமானது கழுவுவது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு படிந்த வண்டி மழையே இல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, குடிக்கவே தண்ணீர் தேடினோம். எங்கள் தெருவில் ஒரு கார் அப்படியே ஈர இலைச் சருகுக்கு அடியில் உப்போடு கிடந்தது. சருகின் வடிவமே பானெட்டில் கறையாக நின்றுவிட்டது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம். நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வேண்டவே வேண்டாம், அழுக்கோடு மெழுகையும் கொண்டு போய்விடும். காக்காய் எச்சத்தை அன்றே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். மெழுகு இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். காய்ந்த தூசியின் மேல் பனியன் வேஸ்டைப் போட்டு அழுத்தித் துடைப்பதை நம் வாட்ச்மேன்கள் எப்போது நிறுத்துவார்களோ!

இன்னொரு குழப்பம், பாலிஷும் மெழுகும் ஒன்று என்று நினைப்பது. மெழுகு மேலே ஏறுவது. ரப்பிங் பாலிஷ் கீழே இருப்பதைச் சுரண்டுவது. இப்போதைய கார்களில் நிறத்தின் மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் கோட்டின் கனம் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. ஒவ்வொரு ரப்பிங்கிலும் அதில் கொஞ்சம் போகிறது. புது வண்டி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று வருஷா வருஷம் மெஷின் வைத்துத் தேய்ப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். செராமிக் கோட்டிங்கை நான் குறை சொல்லவில்லை, பல மாதங்கள், சில சமயம் வருஷக்கணக்கில் நிற்கும் சாமான்தான். ஆனால் அதைப் போடுவதற்கு முன்னாலும் பெரும்பாலும் பெயின்டைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். போட்ட பிறகும் கழுவாமல் விட முடியாது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது விற்பனைப் பேச்சு.

நண்பரோடு இறங்கிப் போய் அவர் வண்டியைப் பார்த்தேன். கூரையில் தேமல் மாதிரி வெளுத்து, ஓரம் பொருக்காக எழும்பியிருந்தது. கிளியர் கோட் உரிய ஆரம்பித்துவிட்ட இடம் அது. அதற்கு மெழுகும் கிடையாது, செராமிக்கும் கிடையாது. அதன் மேல் 28,000 ரூபாயைக் கொட்டினாலும் உரிவது நிற்காது. பக்கங்களும் கதவின் அடிப்பாகமும் நன்றாகவே இருந்தன. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் மண் அடைத்திருந்ததைக் குச்சி விட்டு எடுத்துக் காட்டினேன். துரு பெரும்பாலும் அங்கே உள்ளிருந்துதான் கிளம்பும், எந்த மெழுகும் அங்கே எட்டாது.

அவர் கூரையை மட்டும் 6,500 ரூபாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்டார். புதுப் பெயின்ட் உலர்ந்து இறுக வேண்டும், இரண்டு மாதத்துக்குக் கூரைப் பக்கம் மெழுகைக் கொண்டு வராதீர்கள் என்று பெயின்டர் சொல்லியிருக்கிறார், அது சரிதான். மற்ற இடங்களுக்கு ஒரு டப்பா வாங்கிவிட்டார். நேற்று காலை போனில் கூப்பிட்டு, "சொம்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன் சார், பானெட்ல முத்து நிக்குது. டிக்கியில மட்டும் படுத்துக்குது" என்றார். டிக்கியில் இன்னொரு கை போடச் சொன்னேன்.