காயலான் கடையில் கற்ற பாடம்

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது பழமொழி. இது மோட்டார் காருக்கும் பொருந்தும் என்பதை நான் அறிந்துகொண்டது சென்னைப் புதுப்பேட்டையில்தான். ஓடி ஓய்ந்த கார்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஆனால் அவற்றின் கதை அத்துடன் முடிவதில்லை. கதவு ஒரு வண்டிக்கு, விளக்கு ஒரு வண்டிக்கு, கியர் பெட்டி மற்றொரு வண்டிக்கு என்று மீண்டும் ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுகின்றன!

எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அம்பாசடர் கார். 1996-ஆம் ஆண்டு தாத்தா வாங்கியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இக்காரைத் தயாரித்து வந்தார்கள். 2014-இல் தயாரிப்பு நின்றுபோயிற்று. "இந்தக் கிழட்டு வண்டியை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத உறவினர் இல்லை. அப்பா பதில் சொல்லாமல் பாட்டியைக் கைகாட்டுவார். சிறுநீரகம் பழுதுபட்ட பாட்டிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். முழங்கால் வலியால் அவதிப்படும் அவர் அதிகம் குனியாமல் ஏறி அமர இந்த வண்டியின் உயரமே ஏற்றது. சிகிச்சை முடிந்து திரும்பும்போது களைத்துப்போய், பின் இருக்கையில் என் மடிமீது தலைவைத்துப் படுத்துவிடுவார்.

கடந்த கோடை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது, இனிப் பழுது பார்த்துப் பயனில்லை என்றார். போதாக்குறைக்குப் பின்சக்கரத்தில் பிரேக் சிலிண்டரும் ஒழுகிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாக வேண்டும். புதிய உதிரிபாகங்கள் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அப்பா விசாரித்தார். பிரேக் சாமான்கள் உண்டு. ஆனால் புது ஸ்டார்ட்டர் வரவழைக்கப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அப்பாவுடன் நானும் புதுப்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

எழும்பூருக்கு அருகே, கூவம் ஆற்றை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. தில்லிக்கு ஒரு மாயாபுரி, கொல்கத்தாவுக்கு ஒரு மல்லிக் பஜார் என்றால் நம் சென்னைக்கு இது! கடை வாசலெங்கும் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கூரையிலிருந்து சைலன்சர்கள் தொங்கின. எங்கு பார்த்தாலும் எண்ணெய் வாடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுத்தியல் ஓசை.

அப்பா எரிந்துபோன ஸ்டார்ட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் காரணம் கடைக்குப் போன பிறகே எனக்கு விளங்கியது. பெயர் சொல்லிக் கேட்டால் போதாது. பற்சக்கரத்தின் பற்களை எண்ணி, போல்ட் துளைகளை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் என்ஜினோடு பொருந்தாது. கடைக்கார பாய் மூன்று ஸ்டார்ட்டர்களை எடுத்துப் போட்டார். முதலாவதில் கருகிய வாடை வந்தது. இரண்டாவதில் பற்கள் தேய்ந்திருந்தன. மூன்றாவதை பேட்டரியோடு இணைத்தவுடன் 'விர்' என்று ஒரே வீச்சில் சுழன்றது. 2,800 ரூபாய் என்றவர் 2,200 ரூபாய்க்குச் சம்மதித்தார்.

"பிரேக் சிலிண்டரும் பழையதாகக் கிடைக்குமா பாய்? செலவு மிச்சமாகுமே" என்றார் அப்பா.

"இருக்கு சார். ஆனா உங்களுக்குத் தரமாட்டேன்" என்றார் அவர்.

நாங்கள் வியந்து நின்றோம். அவர் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ பாப்பா. ஸ்டார்ட்டர் கெட்டா வண்டி கிளம்பாது. பிரேக் கெட்டா வண்டி நிக்காது. கிளம்பாத வண்டியால யாருக்கும் ஆபத்தில்லே" என்றார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. அதனால் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடிக்கும், ரப்பரும் நாளடைவில் கெட்டுவிடும். வெளியே துடைத்து வைத்தால் எதுவும் தெரியாது என்று விளக்கினார். கைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாமென்று சொன்ன அவரை அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

தெருமுனையில் ஓர் இளைஞன் புதிது போன்ற பேட்டரி ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாக அழைத்தான். "பில் உண்டா?" என்று அப்பா கேட்டார். அவன் பேசாமல் நகர்ந்துவிட்டான். "யார் வீட்டு வண்டியிலிருந்து கழற்றியதோ! அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம்" என்றார் அப்பா. ஓய்ந்த வாகனங்களை முறைப்படி பதிவு செய்து உடைப்பதற்காக மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருக்கிறது. ஆயினும், திருட்டுப் பொருளை வாங்க ஆள் இருக்கும்வரை திருடனும் இருப்பான் அல்லவா?

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பிரேக் சிலிண்டரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். புதன்கிழமை மாலைக்குள் வேலை முடிந்தது. வியாழக்கிழமை பாட்டி உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! பழையதை வாங்குவது இழிவன்று. ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம் என்ற அறிவு வேண்டும். கதவு, விளக்கு, பம்பர், ஸ்டார்ட்டர் போன்றவற்றைச் சோதித்துப் பார்த்து வாங்கலாம். பிரேக் பாகங்கள், டயர், ரப்பர் குழாய்கள், சீட் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்க வேண்டும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனம். பணத்துக்காக உயிரையோ நேர்மையையோ பணயம் வைப்பது சிக்கனமாகாது. பள்ளியில் பல பாடங்கள் படிக்கிறோம். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது ஒரு காயலான் கடை!