பாட்டி பேசுறது கம்ப்யூட்டருக்குப் புரியுமா?

வெள்ளிக்கிழமை அன்னதானத்துல சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஓடுற தம்பியை நம்ம கிள்ளான் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டான். "அந்தப் பையன் என்னதான் படிக்கிறான்?"னு பல பேர் கேட்டீங்க, அதான் எழுதுறேன்.

தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம், பிறகு இடைநிலைப்பள்ளி, எஸ்டிபிஎம். இப்போ பல்கலைக்கழகத்துல கணினி அறிவியல், கடைசி வருஷம். நாம பேசுற தமிழைக் கேட்டு கம்ப்யூட்டர் தானா எழுதணும், அதுதான் அவன் ஆராய்ச்சி.

லேசு இல்லைங்க. 'க'ங்கிற ஒரே எழுத்துக்குக் கடல்ல ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம், பகல்ல வேற சத்தம். எழுதுறது 'வந்துகொண்டிருக்கிறான்', வாயில வர்றது 'வந்துக்கிட்டிருக்கான்'. அது பத்தாதுன்னு நாம "பாசாருக்குப் போயி நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன்"னு பேசுறோம். செய்தி வாசிக்கிற தமிழைக் கேட்டுப் பழகின மெஷின் இதுல தடுமாறுது. ஃபேக்டரி இரைச்சல்ல முப்பது வருஷமா ஆளுங்க பேச்சைக் காதுல வாங்குற எனக்கு அந்தக் கஷ்டம் நல்லாவே புரியுது.

அவன் அப்பா லாரி ஓட்டுறவர். "டிகிரி முடிச்சா வேலைக்குப் போகணும், மாஸ்டர்ஸ் எதுக்கு?"ங்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கடன் இருக்கு, தங்கச்சி படிப்பு இருக்கு. நான் ராஜ் ரெட்டி கதையைச் சொன்னேன். சித்தூர் மாவட்டத்துல விவசாயக் குடும்பம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில 1958-ல முடிச்சது சிவில். அப்புறம் ஆஸ்திரேலியா, அங்கிருந்து அமெரிக்கா. 1966-ல ஸ்டான்ஃபோர்டுல டாக்டர் பட்டம். மனுஷன் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க அப்பவே இறங்கினவர். 1994-ல கணினித் துறையோட பெரிய விருதான டூரிங் விருது, எட்வர்ட் ஃபைகன்பாமோட சேர்ந்து கிடைச்சது. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதுவரைக்கும் அவருக்குச் சோறு யார் போட்டா?"ன்னார் அப்பா. நியாயமான கேள்விதான். தம்பி ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருக்கான், பதில் இன்னும் வரல.

இப்போ அவனுக்கு வேண்டியது குரல். இளசுங்க குரல் நிறைய கிடைச்சிருச்சு. எஸ்டேட்ல வளர்ந்த தாத்தா பாட்டிங்க பேச்சுதான் இல்ல. வர்ற சனிக்கிழமை சாயங்காலப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல உட்கார்ந்திருப்பான். ஒருத்தருக்குப் பத்து நிமிஷம். பேர், ஐசி நம்பர் எதுவும் கேட்க மாட்டான். பால் மரம் வெட்டின கதை, சமையல், மருமகளைப் பத்தி, எது வேணும்னாலும் பேசலாம் (மருமகள் கதைதான் அதிகம் வரும்னு நினைக்கிறேன்). வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. காப்பி நான் போடுறேன்.