கோடு விழாத தலைகள்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்களைப் போன்ற நெல்லைக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பொங்கல்தான். மற்ற பண்டிகையெல்லாம் வியாபாரத்தில் கரைந்துவிடும். பொங்கலுக்கு மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டு எழும்பூரில் ரயில் ஏறுவோம். எங்கள் ஊர் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கம். அங்கிருந்து கூந்தன்குளம் கொஞ்ச தூரம்தான். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது என் மாமனார் அவளை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவள் மனதில் ஏறிய வாத்துகள் இன்னும் இறங்கவில்லை.

கூந்தன்குளத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கூழைக்கடாக்களையும் மஞ்சள்மூக்கு நாரைகளையும்தான். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல் ஊருக்குள்ளே வீட்டுவாசல் மரங்களிலும் கூடு வைத்திருக்கும். 1994இல் அது சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரசாங்கம் பலகை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் அவற்றுக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. பறவை எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமாகும். பறவையும் மனுசரும் ஒருவரை ஒருவர் அண்டி வாழ்கிற ஊர்.

என் மகள் இதையெல்லாம் விட்டுவிட்டு, குளத்தின் நடுவில் தூரத்தில் மிதந்துகொண்டிருந்த ஒரு சாம்பல் நிறக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடு. பகலில் தண்ணீரில் கிடந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வயல்களுக்கு மேயப் போகும். இங்கே கூடு கட்டாது, முட்டையிடாது. “அப்ப எதுக்குத் தாத்தா வருது?” என்று கேட்டாள். “லீவுக்குத்தான் தாயி, ஒன்ன மாதிரி” என்றார் அவர். சும்மா சொன்ன பதில். ஆனால் அதற்குப் பிறகு அந்த வாத்துகள் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

திரும்பி வரும் ரயிலிலேயே கேள்விகள் தொடங்கிவிட்டன. அவளுக்குச் சொல்வதற்காகவே நான் படிக்க ஆரம்பித்தேன். இந்த வாத்துகள் குஞ்சு பொரிப்பது மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக் ஏரிகளிலும். நம்மிடம் வர இமயமலையைத் தாண்ட வேண்டும். பருந்தைப் போலச் சிறகை விரித்து மிதந்துவரும் பழக்கம் இல்லாததால் வழியெல்லாம் அடித்தடித்தே பறக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் கருவி பொருத்தி அனுப்பிய வாத்துகளில் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் கிடைக்கும் உயிர்க்காற்று கடலோரத்தில் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. மலையைக் கடக்கப் பெரும்பாலும் இரவையும் விடியற்காலையையும்தான் எடுத்துக்கொள்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்குப் பிடிப்பு கிடைக்கும். “நைட்டு ரயில்ல நாம போற மாதிரி” என்றாள் மகள்.

அவளை உலுக்கிய செய்தி வேறு. அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் தாய் தகப்பனோடு சேர்ந்தே முதல் பயணம் வருகின்றன. குளிர்காலம் முழுக்கக் குடும்பமாகவே இருக்கின்றன. இளசுகளின் தலையில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் விழுந்திருக்காது, உச்சி மங்கலாக இருக்கும். அதைக் கேட்ட பிறகு அவள் பார்ப்பது மாறிவிட்டது. கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதற்குள் குடும்பம் குடும்பமாகத் தேடினாள். சித்தப்பா வாங்கிக் கொடுத்த பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், கோடு விழாத தலை ஒன்று அகப்பட்டதும் பக்கத்தில் அதன் அம்மா எது, அப்பா எது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பாள். பொங்கல் பானை பொங்கும் நேரத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்துவர ஆச்சிதான் குளத்தங்கரைக்கு வர வேண்டியிருந்தது. “ஏட்டி, அதுக அம்மையக் கண்டுபுடிச்சது போதும், ஒன் அம்மை அங்க தேடுதா!”

2023 டிசம்பர் எங்கள் இரண்டு ஊரையும் அடித்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை படர்ந்தது. எர்ணாவூரில் வீடுகளுக்குள் சுவரில் கறுப்புக் கறை. காட்டுக்குப்பம் மீனவர்கள் படகில் நின்றுகொண்டு மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டார்கள். அங்கே கூழைக்கடாக்கள் கறுத்துப்போன சிறகோடு உட்கார்ந்திருந்தன. எண்ணெய் ஒட்டிய சிறகில் தண்ணீர் இறங்கும். அலகால் கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறையினர் பிடித்துக் கழுவ முயன்றார்கள், கிட்டே போனால் பறந்துவிட்டன. பாதி மாதம் போனதும் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெருமழை, வெள்ளம். ஊரில் போன் கிடைக்காமல் தவித்தோம்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. கூந்தன்குளத்தில் வாத்துகளைப் பார்க்காமல் கூடு வைத்திருந்த கூழைக்கடாக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நம்ம ஊரு கூழைக்கடாவ இங்க கூட்டிட்டு வந்துரலாமா?” என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கூந்தன்குளத்துக்காரர்களைப் புகழாத பத்திரிகை இல்லை. புகழ வேண்டியவர்கள்தான். ஆனால் எண்ணெயை வெறுங்கையால் அள்ளிய காட்டுக்குப்பத்துக்காரரும் அதே வேலையைத்தான் செய்தார், அதுவும் பிழைப்பை இழந்துகொண்டே. ஓர் ஊர் வெடியைக் கைவிட்டால் ஒரு குளத்தைக் காப்பாற்றிவிடலாம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதியை அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் காப்பாற்ற குப்பத்து ஜனங்களின் நல்ல மனசு போதாது. எழுதிய சட்டத்தை நடத்திக்காட்டும் கை வேண்டும். வடசென்னைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் ஆற்றாமை.

2015இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. பண்டிகையை ஒட்டிய நான்கு நாளில் எங்கிருந்தாலும் குறைந்தது பதினைந்து நிமிடம் பறவைகளைப் பார்த்து எழுதி இணையத்தில் ஏற்றலாம். மகள் கூந்தன்குளத்தில் அதைச் செய்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ எண்ணூரையும் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதற்காகவே போன பொங்கலில் காணும் பொங்கல் காலையிலேயே திரும்பிவிட்டோம். ஊரே கடற்கரைக்குக் கிளம்ப, நாங்கள் மூட்டை முடிச்சை வீட்டில் போட்டுவிட்டு முகத்துவாரத்துக்குப் போனோம். கடையை விட்டு அசையாத என் வீட்டுக்காரரும் வந்தார். தண்ணீருக்கு மேலே வட்டமடித்த வெள்ளைப் பறவையை அவர் கடற்காகம் என்றார், அவள் ஆலா என்றாள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “பாப்பா சொல்றதுதான் கரெக்ட்டு அண்ணாச்சி. தலைகுப்புற உழுந்து மீன எடுக்குது பாருங்க, ஆலாதான் அது. எழுதிக்கோ பாப்பா.”