மேல் அம்புக்குறி

புகாரை மூடுவதற்கு எங்கள் வேலையில் ஒரு வாசகம் உண்டு: "எங்க பக்கம் வரலை." வாடிக்கையாளர் ஏதோ பிழை என்று எழுதுவார். நாங்கள் நாலு தடவை ஓட்டிப் பார்ப்போம். எல்லாம் ஒழுங்காக ஓடும். டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போவோம். பத்து வருஷத்தில் இப்படி எத்தனை மூடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. தெராக்-25 பற்றி நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் அதை எழுதக் கை தயங்க ஆரம்பித்தது.

தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் எந்திரம். கனடாவின் அரசு நிறுவனமான அடாமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட் தயாரித்தது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6, மொத்தமே 11 எந்திரங்கள்தான் நிறுவப்பட்டிருந்தன. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கினார்கள்.

அந்த எந்திரத்துக்கு இரண்டு வேலை. எலக்ட்ரான் கற்றையைக் குறைந்த அளவில் உடம்பில் செலுத்துவது ஒன்று. பல மடங்கு வலுவான கற்றையை ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்ரே உண்டாக்குவது இன்னொன்று. தகடு இல்லாமல் அந்த வலுவான கற்றை வெளியே வந்தால் ஆபத்து. முந்தைய மாடலான தெராக்-20இல் அதைத் தடுக்கத் தனியாக வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புது மாடலில் அவற்றை எடுத்துவிட்டு அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் கொடுத்தார்கள். பழைய எந்திரத்தின் மென்பொருளிலும் அதே மாதிரிப் பிழை இருந்தது பின்னால்தான் தெரிந்தது. அங்கே ஃபியூஸ் போகும், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

1986 மார்ச் 21, டெக்ஸஸ் மாநிலத்தின் டைலர் நகரம். இயக்குபவர் அனுபவசாலி, வேகமாகத் தட்டச்சு செய்பவர். எலக்ட்ரானுக்கு 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே கவனித்து, மேல் அம்புக்குறியால் ஏறிப் போய்த் திருத்தினார். உள்ளே காந்தங்கள் தயாராக எட்டு விநாடி பிடிக்கும். அதற்குள் திருத்தினால் திரையில் மட்டும் மாறும், எந்திரத்தின் ஒரு பகுதி பழைய கட்டளையிலேயே நிற்கும்.

திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. 202 அலகு போக வேண்டியதில் 6தான் போயிருக்கிறது என்றும் காட்டியது. தொடர்வதற்கு 'பி' அழுத்தினால் போதும். தினமும் இப்படி நின்று நின்று ஓடுகிற எந்திரம்தானே, அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்கு மின்சாரம் தாக்கியது போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது இரண்டாவது முறையும் விழுந்தது. அன்று அறையின் கேமரா இணைப்பில் இல்லை, பேசும் கருவியும் பழுது. அவர் கதவைத் தட்டினார். ஐந்து மாதத்தில் இறந்துபோனார்.

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். 54 வரவில்லை. எந்திரம் அதிக அளவு கொடுக்கவே முடியாது என்றார்கள். வேறெங்காவது இப்படி நடந்ததா என்று மருத்துவமனையின் இயற்பியலாளர் கேட்டதற்கு, தங்களுக்குத் தெரிந்து இல்லை என்று பதில் வந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே ஹாமில்டனில் நடந்த விபத்து அவர்களுக்குத் தெரியும். யாகிமாவிலிருந்து கடிதமே போயிருந்தது, அதற்கும் 'எந்திரம் காரணமாக இருக்க முடியாது' என்றே பதில் எழுதியிருந்தார்கள்.

எந்திரம் மறுபடி ஓடியது. ஏப்ரல் 11, அதே இயக்குபவர், இன்னொரு நோயாளி, அதே 54. அவரும் மூன்று வாரத்தில் இறந்தார்.

இந்த முறை இயற்பியலாளரும் இயக்குபவரும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அன்று செய்ததை விரல் விரலாகத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் நினைத்தபோதெல்லாம் 54ஐ வரவழைக்க முடிந்தது. தயாரிப்பாளரால் அப்போதும் முடியவில்லை. "வேகமா அடிக்கணும்" என்று இவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்கு ஒரு தற்காலிகத் தீர்வு வந்தது: மேல் அம்புக்குறி விசையின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். ஏன் என்று அதில் தெளிவாக இல்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ இது போதாது என்று சொல்லி, மே மாதம் எந்திரத்தையே குறைபாடுள்ளது என்று அறிவித்தது. 1987 ஜனவரியில் யாகிமாவில் வேறொரு பிழை. ஒரு பைட் அளவுள்ள மாறி கூடிக்கொண்டே போய் 256ஆவது தடவை பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம், சோதனையே நடக்காது. அந்த நோயாளியும் ஏப்ரலில் இறந்தார்.

வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தன. யார் பொறுப்பு என்று எந்தத் தீர்ப்பும் இல்லை. 'பி' அழுத்தியவர் மேல் கை காட்டுவது சுலபம். ஆனால் 54 என்றால் என்ன என்று கையேட்டில் விளக்கம் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தது. எல்லா ஊர்க் கடிதங்களும் ஒரே மேஜைக்கு வந்த இடம் தயாரிப்பாளரின் அலுவலகம் மட்டும்தான். பொறுப்பு என்பதை நான் அங்கேதான் வைப்பேன். பிழை எல்லார் நிரலிலும் இருக்கும், என்னுடையதிலும் இருக்கிறது. கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர் பார்க்காமல் இருந்தது வேறு விஷயம்.

போன மாதம் நான் மூடிய ஒரு டிக்கெட்டைத் திறந்தேன். ஒரு கடையில் ஒரே பில் இரண்டு தடவை பதிவாகிறதாம். எங்க பக்கம் வரலை. இந்த முறை பழைய புகார்களில் தேடினேன். வேறு இரண்டு கடைக்காரர்கள், வேறு வார்த்தைகளில், அதையே எழுதியிருந்தார்கள். ஒன்றை மூடியது நான். முதல் கடைக்குப் போன் பண்ணினேன். பில் போடும் அக்கா எடுத்தார்.

"நீங்க எப்படி அடிப்பீங்கன்னு ஒரு தடவை மெதுவாச் சொல்லுங்கக்கா."

"மெதுவா அடிச்சா வராது தம்பி," என்றார்.