விலையில்லாத பொருளுக்கு என்ன நட்டம்?

“ஐயா, மனுதாரரின் கணினியில் இருந்தது இலவச மென்பொருள். அதை எடுத்துவிட்டு, கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் விண்டோஸை என் கட்சிக்காரர் ஒரு பைசா வாங்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியவர் நட்டஈடு கேட்டு வந்திருக்கிறார்.” ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இப்படி ஆரம்பித்ததும், அடுத்த வழக்குக்காகக் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். என் கட்சிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அது கெட்டிக்கார வாதம் என்பதை நான் மறுக்கமாட்டேன். ரூபாயில் அளக்க முடிகிற நட்டம் சட்டத்துக்குச் சட்டென்று புரியும். பில்லில் தனி விலை போடாத ஒன்று பறிபோனால், நட்டஈட்டுக் கட்டத்தில் என்ன தொகை எழுதுவது என்று எந்த மன்றமும் சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

விருதுநகர் மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நுகர்வோர் மன்றமும் இங்கேதான். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது அலைச்சல். ராஜபாளையத்துக்காரர்களுக்கு டவுன் பஸ் தூரம். என் கட்சிக்காரர் ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள் சிலவற்றுக்கு வாரக் கூலிக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதிக் கொடுத்து வந்தவர். கணினி அவருக்கு மகள் மூலம் அறிமுகமானது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் ஒன்று அவர் வீட்டுக்கும் வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மனிதர் பாஸ் பக்கம் போய், கூலிப் பட்டியலைத் தமிழிலேயே அடிக்கப் பழகிக்கொண்டார்.

மகள் அந்தக் கணினியோடு கல்லூரிக்குப் போன பிறகு தனக்கென்று ஒன்று வாங்கினார். ஒரே மாடல் கடையில் இரண்டு விதமாக இருந்தது: விண்டோஸோடு ஒன்று, பாஸைப் போலவே லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவோடு ஒன்று. உபுண்டு போட்டதற்கு விலை சில ஆயிரம் குறைவு. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த மிச்சத்துக்காக வாங்கி, கடை வாசலைத் தாண்டுவதற்குள் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்கிறவர்கள். “உங்களுக்கும் போட்டுத் தரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்ட கடைக்காரரிடம் இவர் வேண்டாம் என்றிருக்கிறார். கடைக்காரர் அதை நம்பவில்லை போலும்.

உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே விசைப்பலகையில் சில எழுத்துகள் விழாமல் போயின. கணினியைக் கடையில் கொடுத்தார். கடை அதைச் சேவை மையத்துக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது விசைப்பலகை புதிது. திரையோ கருப்பு. வலது கீழ் மூலையில் இரண்டு மூன்று வரி ஆங்கிலம், பொடி எழுத்தில்: இந்த விண்டோஸ் நகல் அசலானதல்ல என்று. உபுண்டு இல்லை, கணக்குகளும் இல்லை. பழைய மாதங்களுக்குப் பென் டிரைவில் நகல் இருந்தது; பட்டுவாடா ஆகாத நடப்புக் கூலிப் பட்டியல் போனது போனதுதான். பழுது பார்க்கும் சோதனை மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதனால் டிஸ்க்கை ஃபார்மட் செய்தோம் என்றார்கள். செய்ததில் தவறு எதுவும் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஊரே கேட்டு வாங்குகிறதை இவருக்குக் கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னிடம் வந்தபோது அவர் முதலில் கேட்டது நட்டஈடு பற்றியல்ல. “உபுண்டுவ மறுபடி ஏத்திக்கிடட்டுமா சார்? மக பென் டிரைவ் தந்திருக்கா, அரை மணி நேரத்து வேலை.” தொடாதீங்க அண்ணாச்சி என்றேன். இந்த வழக்கில் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சட்ட விதி வளைத்தது அந்த இடத்தில்தான். கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், கடைக்காரர் அதைக் கெடுத்தார் என்பதற்குச் சாட்சி இருக்காது. செல்போனில் திரையைப் படம் எடுத்திருந்தார். ஆனால் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, மின்னணு ஆவணம் என்றாலே அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது எதிர்த்தரப்புக்கு வழக்கமாகியிருந்தது. நுகர்வோர் மன்றம் சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பது வேறு விஷயம். மூலப்பொருளே கையில் இருக்கும்போது படத்தை நம்பி ஏன் இறங்குவது? தவிர, அழிந்த கோப்புகளை மீட்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த டிஸ்க்கில் புதிதாக எழுத எழுத மீட்கும் வாய்ப்பும் குறையும்.

ஆக, செலவில்லாமல் அரை மணி நேரத்தில் சரியாகியிருக்கும் பொருள், மாற்றிய புது விசைப்பலகையோடு, அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டப்பட்டது. அவர் நீளக் கணக்கு நோட்டுக்குத் திரும்பினார். அன்று நடைமுறையில் இருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கை 3 மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்றது. முயலச் சொன்னதோடு சரி. ஆய்வகத்துக்கு அனுப்புவது பற்றிய பிரிவைப் படித்தால், மாவில் கலப்படம், மின்விசிறியில் கோளாறு போன்றவற்றை மனதில் வைத்து எழுதியதாகத்தான் தெரியும். ஒரு மடிக்கணினியில் இருந்த இயங்குதளத்தை யார் அழித்தார்கள் என்று சொல்ல எந்த ஆய்வகம்? கடைசியில் ஒரு வழக்கறிஞர் ஆணையர், உடன் கணினித் துறை விரிவுரையாளர் ஒருவர் என்று முடிவாயிற்று. பெட்டியைப் பிரித்து, பில்லில் இருந்த மாடல் எண்ணையும் ‘உபுண்டு’ என்ற சொல்லையும் ஒப்பிட்டு, விண்டோஸ் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்று பார்த்துக் குறித்தார்கள். அந்தத் தேதியில் கணினி சேவை மையத்தில் இருந்தது. வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு தேதிதான். நல்லவேளை, அதை யாரும் அழித்திருக்கவில்லை.

அதற்கு முன் வேறொரு தடை வந்தது. மனுதாரர் கணினியைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்றார்கள். இதற்கு விடை நம் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் மேல் வந்த வழக்கிலேயே இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல், ஒருவர் தட்டச்சு இயந்திரம் வாங்கி, தன் கையாலேயே பிறருக்கு அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறார் என்றால் அவர் நுகர்வோர்தான் என்று விளக்கியிருந்தது. தட்டச்சு இயந்திரத்தின் இடத்தில் மடிக்கணினியை வைத்தால் போதும். ஆனால் அதை நிரூபிக்க, தனக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை, எல்லாக் கணக்கையும் தானே அடிக்கிறேன், வரும்படி இவ்வளவுதான் என்று அவர் நிரூபண வாக்குமூலத்தில் எழுத வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மில் முதலாளிகள் முன்னால் உட்காருகிறவர், தாம் எவ்வளவு சின்ன மனிதர் என்பதைச் சத்தியம் செய்து சொன்ன பிறகுதான் வழக்கு உள்ளே நுழைந்தது.

இனி, இலவசப் பொருளுக்கு என்ன நட்டம் என்ற கேள்வி. தான செட்டில்மென்டில் வந்த மனைக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் அதில் வேலி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது பேச்சுக்கு. சட்டப்படியான பிடி ஐரோப்பாவிலிருந்து கிடைத்தது, அதுவும் உபுண்டுப் பக்கம் நிற்கிறவர்கள் தோற்ற ஒரு தீர்ப்பிலிருந்து. 2008-இல் பிரான்சில் சோனி மடிக்கணினி வாங்கிய டெரூ-பிளாங்கார் என்பவர், விண்டோஸ் எனக்கு வேண்டாம், அதன் விலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று, மென்பொருளோடு சேர்த்து விற்பது அதனளவில் முறையற்ற வணிகம் ஆகாது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி விலை காட்டாததும் ஏமாற்று ஆகாது என்றது. இத்தாலியின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் இதே மாதிரி வழக்கில் வாங்கியவர் பக்கம் நின்றிருந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது டெரூ-பிளாங்காரின் தோல்விதான். கணினியும் அதற்குள் இருப்பதும் சேர்ந்து ஒரே பொருள், ஒரே விலை என்பது விண்டோஸுக்குப் பொருந்துமானால் உபுண்டுவுக்கும் பொருந்த வேண்டும். அப்படியானால் அழிக்கப்பட்டது ஓசியில் வந்த ஓர் ஒட்டுச் சமாச்சாரம் அல்ல. என் கட்சிக்காரர் முழு விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி. வெளிநாட்டுத் தீர்ப்பு நம் மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மன்றத் தலைவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த வாதத்துக்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கணினி நிரலின் திருட்டு நகலை விற்றவரைப் பற்றியதல்ல. தெரிந்தே பயன்படுத்துகிறவரைப் பற்றியது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் சிறையைத் தவிர்த்து அபராதம் மட்டும் விதிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. இப்போது கவனியுங்கள். பிழைப்புக்காகத்தான் கணினி வைத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் இவர் நுகர்வோர் ஆனார். அதே உண்மை அந்தச் சலுகையை இவருக்கு மறுக்கிறது. அசலானதல்ல என்று திரையே சொல்லிவிட்டதால் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒரு மனிதர் சட்டத்துக்கு உட்பட்டு வாங்கிய பொருளை, திறந்து வேலை பார்த்தாலே குற்றமாகிவிடும் பொருளாக மாற்றிக் கொடுத்துவிட்டு, இது அன்பளிப்பு என்கிறார்கள் என்றேன். “அப்படியென்றால் உங்கள் கட்சிக்காரர் இப்போது குற்றம் செய்துகொண்டிருக்கிறாரா?” என்று தலைவர் கேட்டார். கணினி ஒட்டிய பெட்டிக்குள் இருக்கிறது, அவர் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் பதில். சாட்சிக்காக மூடிவைத்தது அந்த வகையில் அவரைக் காப்பாற்றியது.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது, ஓரளவு. வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் ஃபார்மட் செய்தது சேவைக் குறைபாடு. கடையும் சேவை மையமும் ஒரு மாதத்துக்குள் கணினியை வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மன உளைச்சலுக்கு 10,000, செலவுத் தொகை 3,000. திருட்டு நகல் பற்றி ஒரே வரிதான்: அது இந்த மன்றத்தின் வரம்புக்குள் வராது. நான் அதிகம் உழைத்த வாதத்துக்கு ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். “போதும் சார், கணக்கு எழுதணும்” என்றார். கடைப் பையன் அவர் மகளிடமிருந்தே பென் டிரைவை வாங்கி உபுண்டுவை ஏற்றிக் கொடுத்தான்.

அன்று 1 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு 100 ரூபாய் கட்டணம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை. மன்றத்துக்குப் பெயர் ஆணையம் ஆகிவிட்டது. எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் சாட்சி சேர்ப்பது இன்றைக்கும் உங்கள் பாடுதான். மடிக்கணினியைப் பழுதுக்குக் கொடுக்கும்போது, உள்ளே என்ன இயங்குதளம் இருக்கிறது என்பதையும் ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்பதையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, கடைக்காரரின் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.