தவளை வந்த வழி

குளம் வெட்டினால் தவளை தானாக வரும் என்பார்கள். எங்கிருந்து வரும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில்.

செங்கல்பட்டுக்கு வெளியே, வீடுகள் நெருங்கிவிட்ட ஒரு தெருவில் எங்கள் மனை. கோடையில் தோட்டத்து மூலையில் சின்னதாக ஒரு குளம் வெட்டினோம். இடுப்பளவு ஆழம், ஒரு பக்கம் கல் பாவிய சரிவு, நடுவே அல்லிக் கிழங்கு. மீன் விடவில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டதும் இரவெல்லாம் குளம் கத்தியது. விடிந்து பார்த்தால் அல்லித் தண்டுகளைச் சுற்றி நீள நீளமான வழவழப்புச் சரங்கள், அவற்றுக்குள் வரிசையாகக் கருமுட்டைகள். கல்லடியில் சொறித்தவளை. தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகும் சிறு தவளைகள். வெட்டும்போது காய்ந்து கிடந்த இடம் அது. சுற்றிலும் மதில், மதிலுக்கு அப்பால் தார்ச்சாலை. இத்தனை உயிரும் அதுவரை எங்கே இருந்தன? அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றிருந்தது.

கொத்தனார், "மழையோட விழும்மா" என்றார். சூறைக்காற்று குட்டைத் தண்ணீரோடு தவளைகளையும் வாரிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் கொட்டுவது எப்போதாவது நடப்பதாகச் சொல்வார்கள். ஆனால் ஆண்டுதோறும் முதல் பெருமழையில் ஊர் முழுக்க எழுகிற சத்தத்துக்கு அது விளக்கம் ஆகாது. எதிர்வீட்டு ஆயா வேறு சொன்னார். அந்த வட்டாரத்திலேயே நாற்று நட்டு வாழ்ந்தவர். "யாரும் கொண்டாந்து விடலம்மா. மண்ணுக்குள்ளயேதான் கெடந்துச்சு. நீ தண்ணி காட்டுன, மேல வந்துடுச்சு."

மண்ணிலிருந்து தவளை வருகிறது என்பது பல நாடுகளில் இருந்த பழைய நம்பிக்கை. ஆறு மாதம் வாழ்ந்த தவளை சேறாகக் கரைந்து, வசந்தகாலத் தண்ணீரில் மறுபடி பிறக்கும் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் பிளினி எழுதி வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, ஆண் தவளைகளுக்கு மெழுகு பூசிய பட்டுத்துணியில் கால்சட்டை தைத்துப் போட்டார். அவற்றோடு சேர்ந்த பெண் தவளைகளின் முட்டைகள் பொரிக்கவில்லை. கால்சட்டையில் தங்கிய விந்தைத் தடவிய முட்டைகள் பொரித்தன. சேறு தவளையைப் பெறுவதில்லை என்பது அதோடு தெளிவாயிற்று. ஆனால் ஆயா சொன்னது அதுவல்ல. மண் தவளையைப் பெற்றது என்று அவர் சொல்லவில்லை, மண்ணுக்குள் கிடந்தது என்றுதான் சொன்னார்.

அது எவ்வளவு சரி என்பதை வாழைக்கன்று வைக்கக் குழி எடுத்தபோது கண்ணால் கண்டேன். முழங்கை ஆழத்தில் மண்ணோடு மண்ணாக ஓர் உருண்டை அசைந்தது. குட்டை முகம், பருத்த கண், செம்மண் நிறம். பொலபொலப்பான மண்ணில் விட்டேன். அது ஓடவில்லை. என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்து பின்னங்கால்களை மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் உதைத்தது. முதலில் பின்புறம் இறங்கியது, பிறகு வயிறு, பிறகு தோள். கடைசியில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. மண் சரிந்து அவையும் மறைந்தன. மண்ணைத் தள்ளுவதற்கென்றே அதன் பின்பாதத்தின் அடியில் தட்டையான விளிம்புள்ள கெட்டி முண்டு ஒன்று இருக்கிறது. வறண்ட மாதங்களை உடம்பின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஈரமண்ணுக்குள் கழிக்கும். பெருமழை பெய்து மண் நனைந்ததும் மேலே வந்து, இரை தின்று, இணை சேர்ந்து, முட்டையிட்டுவிட்டு மறுபடி இறங்கிவிடும்.

இந்தத் தவளைக்கு ஸ்ஃபேரோதீகா பிரெவிசெப்ஸ் என்று பெயர். புத்தகங்களில் துருவியபோது ஒரு செய்தி கிடைத்தது. இதையும் சொறித்தவளையையும் தத்தும் தவளையையும் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒருவரே. ஜெர்மானியரான ஷ்னைடர், 1799இல். 1888இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியத் தவளைகளை உள்ளடக்கிய ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். எங்கள் தெரு வருவதற்கு வெகு முன்பே இவை ஏட்டில் ஏறிவிட்டன.

தெருவுக்கு முன் இங்கே என்ன இருந்தது? வீட்டின் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நிலம் நஞ்சை, கிழக்கு எல்லை ஏரி வாய்க்கால் என்று இருந்தது. ஏரிகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் இதில் வியப்பில்லை. அந்த வாய்க்கால் இன்றைக்குக் கல்பலகை மூடிய சாக்கடை. மழை இரவு ஒன்றில் டார்ச்சோடு வாசலில் நின்றேன். பலகை இடுக்கிலிருந்து வெளியேறிய தத்தும் தவளைகள் சாலையைத் தாண்டி, எங்கள் இரும்புக் கேட்டின் அடியில் நுழைந்து, நேராகத் தோட்டத்து மூலைக்குப் போயின. பின்னொரு மழையில் ஏரியின் பெரிய பச்சைத் தவளையும் வந்து சேர்ந்தது. வளர்ந்தபின் பெரும்பாலும் இலைதழையே தின்னும் அபூர்வத் தவளை. புதுச்சேரிக் குளங்களிலிருந்து கிடைத்ததைக் கொண்டு 1834இல் பிரெஞ்சுக்காரர் லெசோன் பெயரிட்டது.

மரத்தவளைக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. பகலெல்லாம் எங்கள் குளியலறைச் சுவரில், கைகால்களை உடம்போடு ஒடுக்கி, ஈரம் போகாமல் ஒட்டிக் கிடந்தது அதுதான். மழை வந்ததும் குளத்தின்மேல் சாய்ந்த கிளைக்குப் போயிற்று. பெண் தவளை தன் உடம்பில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து வெண்ணுரையாக்கி, முட்டைகளை அதற்குள் இட்டது. நுரையின் மேற்புறம் காய்ந்து இறுகியது, உள்ளே ஈரம் நின்றது. சில நாளில் அடிப்புறம் இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தன.

ஒரு தவளை மட்டும் வரவில்லை. உள்ளங்கை கொள்ளாத பெருந்தவளை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் மஞ்சளாக மாறும். பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்தவர்கள் வயலில் அவற்றைச் சாக்குச் சாக்காகப் பிடித்துப் போனது ஆயாவுக்கு நினைவிருக்கிறது. வெளிநாட்டுத் தட்டுக்காக, 1981இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால் இந்தியாவிலிருந்து போயிற்று. 1987இல் ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. வயல் வீடாகி, எஞ்சிய வயலில் பூச்சிமருந்தும் சேர்ந்த நிலத்தில், வெறும் குளம் வெட்டி அதை வரவழைக்க முடியவில்லை.

இந்தத் தேடல் எனக்குக் கொடுத்த பதில் இதுதான்: தவளையின் வீடு குளம் அல்ல. குளம் அதற்குப் பிரசவம் பார்க்கிற தாய்வீடு. மற்ற நாளெல்லாம் அது மண்ணுக்குள்ளும் சருகடியிலும் சுவரிடுக்கிலும் வாய்க்காலிலும் குடியிருக்கிறது. அந்த இடங்களும், அங்கிருந்து வரும் பாதையும் இருக்கும்வரை தண்ணீர் தேங்கிய இடத்துக்குத் தவளை வரும்.

ஆகவே எங்கள் முற்றத்துக்கு சிமென்ட் ஓடு பதிக்கச் சொன்னவர்களிடம் மறுத்துவிட்டேன். கேட்டின் அடியில் இடைவெளி அப்படியே இருக்கிறது. பூச்சிமருந்து அடிப்பதில்லை. முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும் என்பதால் கப்பி மீன் விடுவதில்லை. தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வரும், வந்து போகட்டும். மழை இரவில் தூக்கம் கெடும், அதற்காக நான் வருந்தியதில்லை.

தோட்டத்தில் குளம் வைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேறு இடத்திலிருந்து தவளையையோ தலைப்பிரட்டையையோ பிடித்துவந்து விடாதீர்கள், நோயும் கூடவே வரலாம். குளத்தில் ஏறி இறங்க ஒரு பக்கமாவது சரிவு வையுங்கள். செங்குத்தான சிமென்ட் சுவரில் குட்டித் தவளைகள் ஏற முடியாமல் மாண்டுபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்துக்கு ஒதுக்கும் இடத்தைவிடப் பெரிய இடத்தைச் சுற்றிலும் வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். தவளைகள் அங்கேதான் இருக்கின்றன.